இடது தண்டு, நடு இடம்

ஜனவரி 20, திங்கள்

இந்த நோட்டு ஜாக்கெட் அளவு எழுதுவதற்காக வாங்கியது. முதல் நான்கு பக்கங்களில் ஊர்ப் பெண்களின் தோள், கை, முதுகு இறக்கமெல்லாம் இருக்கின்றன. ஐந்தாம் பக்கத்திலிருந்து என் இடுப்பு மட்டும்தான்.

அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி பார்க்கும் ஷாகிரா மேடத்தின் உத்தரவு இது. "தினமும் எழுதணும்ண்ணா. தேதி, அன்னிக்கு என்னென்ன செஞ்சீங்க, வலி எவ்வளவு. பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் போடுங்க. திங்கக்கிழமை வரும்போது கொண்டாங்க, நான் படிப்பேன்."

"பத்துன்னா எவ்வளவும்மா?"

"தாங்கவே முடியாம தரையில உருள்றது."

உருளக்கூட முடியாதவனுக்கு என்ன நம்பர் என்று கேட்க நினைத்தேன். பக்கத்திலிருந்த என் மனைவி கோமளா முறைத்தாள், விட்டுவிட்டேன்.

தஞ்சாவூரில் எடுத்த ஸ்கேனை எலும்பு டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கீழ் முதுகில் நான்காவது எலும்புக்கும் ஐந்தாவதுக்கும் இடையில் இருக்கும் தட்டு பிதுங்கி, இடது காலுக்குப் போகும் நரம்பை அழுத்துகிறதாம். தலையணையில் தையல் விட்ட இடத்தில் பஞ்சு எட்டிப் பார்க்குமே, அப்படித்தான் இருந்தது படத்தில். தையல்காரனுக்குப் புரிய வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

மூன்று வழி சொன்னார். முதலாவது, மாத்திரை, நடை, பயிற்சி, ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் பொறுமை. "முக்கால்வாசிப் பேருக்கு இதுலயே அடங்கிடும்." இரண்டாவது, அடங்காவிட்டால் நரம்புக்குப் பக்கத்தில் ஒரு ஊசி. மூன்றாவது, காலில் பலம் குறைந்துகொண்டே போனால் ஆபரேஷன். "இன்னொண்ணு. ஒண்ணுக்கு கட்டிக்கிட்டாலோ, தெரியாம போனாலோ, உக்கார்ற இடம் மரத்துப் போனாலோ, நாளைக்குன்னு தள்ளாதீங்க. அன்னிக்கே ஓடி வரணும்."

எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, எனக்கு வேண்டியதை மட்டும் கேட்டேன். "ஏப்ரல் ஆறாம் தேதி கருட சேவை டாக்டர். அதுக்குள்ள சரியாயிடுமா?"

"கருட சேவைக்கும் உங்க இடுப்புக்கும் என்ன சம்பந்தம்?"

"சாமி தூக்கறாருங்க," என்றாள் கோமளா.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

வலி: 7.

ஜனவரி 21, செவ்வாய்

ஷாகிரா மேடத்துக்குப் புரிவதற்காக எழுதுகிறேன்.

எங்கள் பெருமாள் கருட வாகனத்தில் வரும்போது இரண்டு தண்டுகளில் வருவார். ஒவ்வொரு தண்டிலும் முன்னால் மூன்று பேர், பின்னால் மூன்று பேர், ஆக மொத்தம் பன்னிரண்டு தோள்கள். இடது தண்டின் முன்பக்கத்தில் நடு இடம் என்னுடையது. எனக்கு முன்னால் மாவு மில் சௌரி. எனக்குப் பின்னால் பால் சொசைட்டி தாமோதரன். இருபத்திரண்டு வருஷமாக இதே மூன்று பேர், இதே வரிசை. எனக்கு நாற்பத்தொன்பது வயது. வீட்டில் எனக்கென்று ஒரு நாற்காலிகூடக் கிடையாது. ஊரில் என்னுடையது என்று நான் சொல்லிக்கொள்வது அந்தத் தண்டில் ஒன்றரை அடி நீளம்தான். ஒரு வருஷம் தூக்காமல் நின்றால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவார். அது வழக்கம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டாக்டரிடம் சொன்னால் சிரிப்பார் என்று சொல்லவில்லை. இடுப்பு வலி ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகிறது. இந்த இரண்டு வருஷத்தில் பெருமாளைத் தோளில் ஏற்றிக்கொள்ளும்போது மட்டும் எனக்கு வலி தெரிவதில்லை. எடையே இருப்பதில்லை! நாலு வீதியும் சுற்றி வந்து இறக்கினாலும் பூமாலை சுமந்த மாதிரிதான் இருக்கும். போன வருஷம் கோயில் வாசலில் நின்று தாமோதரனிடம் சொன்னேன், "பெருமாள் எனக்காக லேசாயிட்டாருடா" என்று. அவனுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. தலையை மட்டும் ஆட்டினான். கண் கலங்கிவிட்டது எனக்கு.

ஆகையால் மேடம், தூக்கக் கூடாது என்று மட்டும் சொல்லாதீர்கள். மற்றதெல்லாம் கேட்கிறேன்.

வலி: 7. இடது கால் கட்டை விரல் மரத்த மாதிரி இருக்கிறது.

ஜனவரி 22, புதன்

குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி, நெஞ்சை மட்டும் தூக்க வேண்டும். பத்துத் தடவை, நாளைக்கு ஐந்து வேளை. கட்டிலில் செய்யக் கூடாது, தரையில் விரித்துச் செய்ய வேண்டும். பரணில் நீலமும் சிவப்பும் பட்டை போட்ட பவானி ஜமுக்காளம் இருந்ததே என்று தேடினேன்.

"அதையா? பழைய சாமான்காரருக்குப் போட்டுட்டேனே. ரெண்டு வருஷம் ஆச்சு," என்றாள் கோமளா.

"அதுக்கு என்ன குடுத்தான்?"

"ஒரு பிளாஸ்டிக் மக்கு."

எங்கள் கல்யாணத்துக்கு வந்த ஜமுக்காளம். பிளாஸ்டிக் மக்கு! இத்தனை வருஷமாகத் தையல் கடையில் கூட இருந்தவளுக்குத் துணியின் அருமை தெரியவில்லை. கோரைப்பாயில் செய்தேன். முழங்கை எரிகிறது.

வலி: 6. மக்கைப் பார்க்கும்போது 8.

ஜனவரி 27, திங்கள்

மேடம் நோட்டைப் படித்தார்கள். மக்கு விஷயத்துக்குச் சிரித்தார்கள். பெருமாள் விஷயத்துக்குச் சிரிக்கவில்லை. நான் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக, அதை இரண்டு தடவை படித்தார்கள்.

"சட்டையைக் கழட்டுங்கண்ணா. தோளைப் பாக்கறேன்."

இடது தோளை விரலால் அழுத்திப் பார்த்தார்கள். "இருபது வருஷமா தூக்கறீங்கன்னா இங்க காய்ப்பு இருக்கணுமே. எலுமிச்சம்பழம் கணக்கா சில பேருக்கு இருக்கும். உங்களுக்கு மெத்துன்னு இருக்கே."

"முன்னெல்லாம் இருந்துச்சு. இப்ப கரைஞ்சிடுச்சு. அதான் சொன்னேனே மேடம், எடையே இல்லைன்னு. அவன் கருணை."

மேடம் கோமளாவைப் பார்த்தார்கள். கோமளா சுவரில் தொங்கிய எலும்புக்கூடு படத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். படத்தில் அவ்வளவு படிக்க என்ன இருந்ததோ தெரியவில்லை.

வலி: 6.

ஜனவரி 30, வியாழன்

நடந்தேன். குளம் வரை போய் வந்தேன். 6.

பிப்ரவரி 2, ஞாயிறு

தையல்காரனுக்கு உடம்பு சரியில்லை என்றால் வைத்தியத்துக்குப் பஞ்சமே இல்லை. அளவு கொடுக்க வருகிறவர்கள் எல்லாரும் டாக்டர்தான். வேப்பெண்ணெய் தேய் என்றார் ஒருவர். தவிட்டையும் கல்லுப்பையும் வறுத்து ஒத்தடம் கொடு என்றார் இன்னொருவர். மாவைக் குழைத்து இடுப்பில் அணை கட்டி அதில் எண்ணெய் நிறுத்தச் சொன்னார் கேரளாவில் இருந்து வந்திருந்த பக்கத்து வீட்டுச் சம்பந்தி. பெரிய தெரு டீச்சர் தன் வீட்டுக்காரருடைய இடுப்பு வலி பெல்ட்டையே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். ஆபரேஷன் செய்துகொண்டால் கால் வராது என்றார் ஒருவர். அவருடைய தம்பி ஆபரேஷன் செய்துகொண்டு சைக்கிளில்தான் வந்திருந்தார், கடைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்.

எல்லாவற்றையும் மேடத்திடம் போனில் கேட்டேன். ஒத்தடம் கொடுக்கலாம், இதமாக இருக்கும், ஆனால் பிதுங்கியதை உள்ளே தள்ளாது. பெல்ட்டைப் பயணம் போகும்போது மட்டும் போட்டுக்கொள்ளலாம், நாள் முழுக்கப் போட்டால் தசை சோம்பேறியாகிவிடும். இழுத்துவிடுவது, முறிப்பது, மிதிப்பது கூடவே கூடாது.

எவ்வளவு பேர் அக்கறையாக விசாரிக்கிறார்கள்! அதற்காகவாவது சீக்கிரம் குணமாக வேண்டும்.

வலி: 5.

பிப்ரவரி 6, வியாழன்

எழுத ஒன்றுமில்லை. சாயங்காலம் சௌரியின் மாவு மில்லுக்குப் போய் வந்தேன்.

வலி: 5.

பிப்ரவரி 7, வெள்ளி

9.

பிப்ரவரி 8, சனி

9. தும்மினால் பளீரென்று பாதம் வரை போகிறது. கோமளாதான் கடையைப் பார்க்கிறாள். இதுவரை ஃபால்ஸ் தைப்பது, ஹூக் வைப்பது மட்டும் அவள் வேலை. இன்று என் மெஷினில் உட்கார்ந்து மூன்று ஜாக்கெட் முடித்தாள். கைக்குழி வெட்டியதில் பிசிறில்லை. எப்போது கற்றுக்கொண்டாள்?

பிப்ரவரி 10, திங்கள்

மறைத்தால் மேடம் கண்டுபிடித்துவிடுகிறார்கள். எழுதிவிடுகிறேன்.

கால் முன்னால் வந்து பிறந்தவர்கள் இடுப்பில் மிதித்தால் பிடிப்பு விட்டுவிடும் என்று எங்கள் பக்கத்தில் நம்பிக்கை. சௌரி காலால் பிறந்தவன். ஊரில் யாருக்குச் சுளுக்கு என்றாலும் மாவு மில் வாசலில் போய்க் குப்புறப் படுப்பார்கள், அவன் மூன்று மிதி மிதிப்பான். சுளுக்குக்கு அது சரியாகத்தான் வருகிறது. ஏப்ரல் ஆறு நெருங்குகிறதே என்ற பயத்தில் நானும் போய்ப் படுத்தேன். அவன் மாட்டேன் என்றுதான் சொன்னான். நான் விடவில்லை. முதல் மிதியிலேயே ஏதோ தவறிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. கௌரவத்துக்காக மூன்றையும் வாங்கிக்கொண்டேன்.

மேடம் திட்டவில்லை. குதிகாலில் நிற்கச் சொன்னார்கள். இடது பாதத்தின் முன்பக்கம் தரையை விட்டு எழும்பவில்லை. கட்டை விரலைத் தூக்கச் சொன்னார்கள். விரல், வேறு யாருடையதோ போல, சும்மா இருந்தது. அப்போதுதான் அவர்கள் குரல் மாறியது.

"அண்ணா, வலி வேற, பலம் குறையறது வேற. இனிமே இது உங்க கருட சேவையைப் பத்தினது இல்ல. நீங்க காலை இழுத்துக்கிட்டு நடக்கறதா வேணாமாங்கறதைப் பத்தினது."

அன்றே டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அவர் ஊசி என்றார். நான்கு வாரத்தில் விரல் எழும்பாவிட்டாலோ, அதற்குள் இன்னும் மோசமானாலோ ஆபரேஷன்.

வாசலில் சௌரி உட்கார்ந்திருந்தான். மில்லைப் பூட்டிவிட்டு எங்களுக்கு முன்னாலேயே பஸ் ஏறி வந்திருக்கிறான். தலையெல்லாம் மாவு. "என்னாலதான்டா கோதண்டம்" என்று அழுதான். நாற்பத்தேழு வயது ஆள். பக்கத்திலிருந்த நோயாளிகள் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

வலி: 8.

பிப்ரவரி 18, செவ்வாய்

தஞ்சாவூரில் ஊசி போட்டார்கள். எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே நரம்புக்குப் பக்கத்தில் மருந்தைச் செலுத்துகிறார்கள். நான் ஊசிக்குப் பயப்படுகிறவன் இல்லை, தினமும் விரலில் குத்திக்கொள்கிறவன். ஆனாலும் குப்புறப் படுத்ததும் வாய் தானாக ஸ்லோகம் சொன்னது. "சத்தமா சொல்லுங்க, எங்களுக்கும் புண்ணியம்," என்றார் ஊசி போட்ட டாக்டர்.

இது பிதுங்கலைச் சரிசெய்யாது, வீக்கத்தைக் குறைத்து, பயிற்சி செய்ய அவகாசம் வாங்கிக் கொடுக்கும் என்று விளக்கினார். அவகாசம் போதும் எனக்கு.

கூடவே தாமோதரனும் வந்தான். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபோது அவன் சட்டைக் காலர் விலகியது. இடது தோளில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் காய்ப்பு.

வலி: காலையில் 8, சாயங்காலம் 4.

பிப்ரவரி 25, செவ்வாய்

3. நேற்றுக் குளத்தைச் சுற்றி இரண்டு தடவை நடந்தேன். கட்டை விரல் அரை அங்குலம் எழும்பியது! கோமளாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அடுப்பில் ரசம் பொங்கிக்கொண்டிருந்தது. அதை விட்டுவிட்டு வந்து, கீழே உட்கார்ந்து, "இன்னொரு தடவ காட்டுங்க" என்றாள். ஐந்து தடவை காட்டினேன்.

மார்ச் 3, திங்கள்

கடையை மாற்றியாகிவிட்டது. வெட்டும் மேஜைக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்தினோம், இனி நின்றுகொண்டுதான் வெட்ட வேண்டும். மெஷினுக்கு மோட்டார். இருபது நிமிஷத்துக்கு மேல் உட்காரக் கூடாது என்று மேடம் சொன்னதால், கோமளா சமையலறை அலாரக் கடிகாரத்தைக் கடைக்குக் கொண்டுவந்துவிட்டாள். மணி அடித்ததும் எழுந்து ஒரு நடை. வாடிக்கையாளர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

மேடத்துக்கு ஒரு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தேன். கூலி கொடுக்கக் கடைக்கே வந்தார்கள். "விரலைத் தூக்கிக் குடுத்தீங்களே" என்று சொல்லிவிட்டேன்.

கருட சேவை பற்றி அவர்கள் கேட்டார்கள். பெருமாள் என் தோளில் கனக்க மாட்டார், என்ன ஆகிவிடப் போகிறது என்றேன். கோமளாவின் கையிலிருந்த கத்தரிக்கோல் கீழே விழுந்தது.

வலி: 2.

மார்ச் 9, ஞாயிறு

(இந்தப் பக்கத்தையும் அடுத்ததையும் ஓரம் தைத்து மூடுகிறேன். மேடம், தயவுசெய்து பிரிக்க வேண்டாம்.)

பன்னிரண்டு பேருக்கும் தண்டு தோளில் உறுத்தாமலிருக்கப் போட்டுக்கொள்ளும் தோள்மெத்தை நான் தைத்ததுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் சிவப்புத் துணியில், பஞ்சு அடைத்து, பன்னிரண்டும் ஒரே கனத்தில் தைத்தேன். ஒருவருடையது ஒரு விரல்கனம் கூடினாலும் தண்டு பக்கத்து ஆளின் தோளைவிட்டு எழும்பிவிடும். அதனால் அளவுகோல் வைத்துப் பார்த்துத்தான் தைத்தேன். உற்சவத்துக்கு முன்னால் பழுது பார்க்க இன்று முதல் தடவையாகக் கோயிலில் இருந்து மூட்டையாகக் கொண்டுவந்து போட்டார்கள். கோமளா அவள் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

முதலில் என்னுடையதை எடுத்தேன். பஞ்சு புதிது போல இருந்தது. அழுத்தினால் எழும்பியது. மற்றவர்களுடையதெல்லாம் நடுவில் பள்ளம் விழுந்து, அப்பளம் மாதிரி தட்டையாகியிருந்தன.

பிறகு தாமோதரனுடையது. கையில் எடுத்ததுமே கனம் தெரிந்தது. என் அளவு இல்லை. ஒரு பக்கத் தையலைப் பிரித்துப் பார்த்தேன். பஞ்சுக்குக் கீழே நான்காக மடித்த துணி. நீலமும் சிவப்பும் பட்டை போட்ட துணி. சௌரியுடையதைப் பிரித்தேன். அதிலும் அதே துணி, அதே நான்கு மடிப்பு.

எனக்கு முன்னால் ஒருவன், எனக்குப் பின்னால் ஒருவன். இருவர் தோளும் ஒரு விரல்கனம் உயர்ந்தால் நடுவில் இருப்பவன் தோளில் என்ன இருக்கும்? காற்றுதான் இருக்கும்.

பிரித்த இடத்தில் கைத்தையல் போட்டிருந்தது. நெருக்கமான, சீரான தையல். நூலின் ஆரம்பத்தில் இரண்டு தடவை முடிச்சு. அப்படி இரண்டு முடிச்சுப் போடுகிறவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கலாம். நீலமும் சிவப்புமான ஜமுக்காளமும் எல்லார் வீட்டிலும் இருக்கும்.

வலி எவ்வளவு என்று பார்க்க மறந்துவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

ஆத்திரமாக வருகிறது. இரண்டு வருஷம்! இரண்டு கருட சேவை, எத்தனை புறப்பாடு! எல்லாவற்றிலும் வெறும் தோளோடு, பக்தியில் கண்ணை மூடிக்கொண்டு நடந்திருக்கிறேன். வாசலில் நின்று கற்பூரம் காட்டியவர்கள் பார்த்திருப்பார்களா? தண்டுக்கும் என் தோளுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்திருக்குமா? "பெருமாள் லேசாயிட்டாருடா" என்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவனிடம் போய்ச் சொன்னேனே. முட்டாள்.

காலையில் கோமளாவுடன் பேசவில்லை. அவள் மூட்டையைப் பார்த்தாள். பிரித்த தோள்மெத்தைகளைப் பார்த்தாள். கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து வைத்துவிட்டுப் போனாள். இருபது நிமிஷம் ஆனதும் மணி அடித்தது. எழுந்து நடந்தேன். வேறென்ன செய்வது?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கிணற்றடியில் நிமிர முடியாமல் விழுந்தேன். அன்றைக்கே அவள் "இந்த வருஷம் தூக்க வேணாங்க" என்று கெஞ்சினாள். என் இடத்தை எடுத்துக்கொண்டால் நான் யார் என்று கத்தினேன். தட்டைத் தூக்கி எறிந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், பக்கத்தைத் தைக்கத்தானே போகிறேன். அதற்குப் பிறகு அவள் அதைப்பற்றிப் பேசவே இல்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

இரண்டு பேர் என் பங்கையும் சேர்த்துச் சுமந்திருக்கிறார்கள். என் கௌரவத்துக்கு ஒரு கீறல் விழாமல் சுமந்திருக்கிறார்கள். அந்த எடை முழுக்க என் இடுப்பில் இறங்கியிருந்தால் இன்று எந்த ஊசிக்கும் இந்த விரல் எழும்பியிருக்காது.

சாயங்காலம் ஆத்திரம் போய்விட்டது. அழுகை வந்தது. தையல் மெஷினை ஓடவிட்டுக்கொண்டு அழுதேன், சத்தம் வெளியே கேட்காது.

மார்ச் 14, வெள்ளி

தாமோதரனைப் பால் சொசைட்டியில் போய்ப் பார்த்தேன்.

"இந்த வருஷம் நான் தூக்கலடா. வலது தண்டு மாத்து ஆளு ரெங்கராஜனை நடுவுல போட்டுடலாம். ஆளு என் உயரம்தான்."

"ஏன்டா? நல்லாத்தானே நடக்கற? நீ இல்லாட்டி எங்களுக்குக் கனக்குமே."

"கனக்காது," என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். பால் கேனின் மூடியைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். "கோதண்டம், நாங்களா செய்யலடா. வந்து கேட்டாங்க. கையெடுத்துக் கும்பிட்டாங்க. அதுக்கப்புறம் என்ன..."

"யாருன்னு சொல்ல வேணாம்," என்றேன். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இடது தண்டு ஆயக்கால் பிடிச்சவர் மகன் வீட்டுக்குப் போயிட்டாரே. அதை நான் பிடிச்சுக்கறேன்."

ஆயக்கால் என்பது ஆள் தோளுயரக் கட்டை. நுனியில் இரண்டாகப் பிரிந்த கவை இருக்கும். ஒவ்வொரு வாசலிலும் பெருமாள் நிற்கும்போது, கூடவே நடந்துவரும் ஆள் அதைத் தண்டுக்கு அடியில் முட்டுக் கொடுப்பான். தூக்குகிறவர்கள் அதுவரை தோளை எடுக்க முடியாது. சின்ன வேலை. அதற்கு யாரும் போட்டி போடுவதில்லை.

தாமோதரன் சரி என்று சொல்லவில்லை. அரை லிட்டர் பால் ஊற்றிக் கொடுத்தான். "கோமளாகிட்ட டீ போடச் சொல்லிக் குடி. மூஞ்சி வாடியிருக்கு."

வலி: 2.

மார்ச் 24, திங்கள்

மேடம் தைத்த பக்கங்களைத் தடவிப் பார்த்தார்கள். பிரிக்கவில்லை. "தையல் நல்லாருக்குண்ணா," என்றார்கள், அவ்வளவுதான்.

குதிகாலில் பத்து அடி நடந்து காட்டினேன். இனி ஆபரேஷன் பேச்சு வேண்டியதில்லை என்று டாக்டரும் சொல்லிவிட்டார். பயிற்சியை மட்டும் விடக் கூடாது, பல் தேய்க்கிற மாதிரி ஆயுளுக்கும் செய்ய வேண்டும். ஆயக்காலைப் பற்றி அனுமதி கேட்டேன். நான்கு கிலோ இருக்கும் என்றேன். மேடம் மூலையிலிருந்த ஒட்டடைக் கம்பைக் கொடுத்து நடக்கவிட்டுப் பார்த்தார்கள். குனியாமல், முழங்காலை மடித்து ஊன்றினால் சரியாம். "அப்ப தூக்கலயா?" என்று கேட்டார்கள்.

"இல்ல மேடம். போதும்."

மேடத்துக்கு ஆச்சரியமாக இருந்த மாதிரி தெரியவில்லை. நோட்டில் பச்சை மையில் ஒரு டிக் போட்டார்கள்.

வலி: 1.

ஏப்ரல் 2, புதன்

தோள்மெத்தை பன்னிரண்டும் முடிந்தன. ஒரே கனம், அளவுகோல் வைத்துப் பார்த்துவிட்டேன். பிரித்தெடுத்த ஜமுக்காளத் துண்டுகள் இரண்டு மிஞ்சின. தூக்கிப் போட மனம் வரவில்லை. அவற்றுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கருட சேவை.

காலை ஆறு மணிக்குக் கோபுர வாசலில் பெருமாள் எழுந்தருளினார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். தண்டுக்கு அடியில் இருக்கிறவனுக்கு முன்னால் போகிறவன் பிடரி மட்டும்தான் தெரியும். இவ்வளவு அழகாகவா அசைந்து வருவார்? இதை இத்தனை வருஷம் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள், நான் ஒருவன்தான் பார்த்ததில்லை.

என் இடத்தில் ரெங்கராஜன். தண்டு மூன்று தோளிலும் சமமாகப் படிந்திருந்தது. அந்த ஒன்றரை அடியைப் பார்த்தபோது எனக்கு வலித்தது, இடுப்பில் அல்ல. பெரிய தெரு திரும்பும் வரை அது இருந்தது. அப்புறம் வேலை வந்துவிட்டது.

நிற்கச் சொல்லிக் குரல் வந்ததும், முழங்காலை மடித்து, முதுகு நிமிர்ந்தபடி ஆயக்காலை ஊன்றினேன். கவை தண்டில் போய் உட்கார்ந்தது. தாமோதரன் தோளை உருவிக்கொண்டு நிமிர்ந்தான். அவன் நெஞ்சிலிருந்து ஒரு மூச்சு வெளியே வந்தது. இரண்டு வருஷமாக எனக்குப் பின்னால் வந்த மூச்சு. பக்தி என்று நினைத்திருந்தேன் அதை.

கவையைப் பார்த்தான். தண்டு உறுத்தாமலிருக்க அதில் துணி சுற்றித் தைத்திருந்தேன், நீலமும் சிவப்பும் பட்டை போட்டது. அவன் சௌரியைத் தொட்டுக் காட்டினான். சௌரி பார்த்துவிட்டு அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டான், வியர்வையைத் துடைப்பது போல.

"கோதண்டம்," என்றான் தாமோதரன், "பெருமாள் லேசாயிட்டாருடா."

மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பட்டாச்சாரியார் திரும்பிப் பார்த்தார்.

எங்கள் தெருவில், எங்கள் வீட்டு வாசலில் வாகனம் நின்றது. கோமளா தேங்காய்த் தட்டோடு நின்றிருந்தாள். முதலில் தண்டின் நடு இடத்தைப் பார்த்தாள், வேறு ஆள். பிறகு என்னைத் தேடினாள். கையைப் பார்த்தாள், ஆயக்காலைப் பார்த்தாள், மேலே கவையைப் பார்த்தாள். நான் பெருமாளைப் பார்ப்பது போல நின்றேன். பட்டாச்சாரியார் இரண்டு தடவை கேட்ட பிறகுதான் தட்டை நீட்டினாள்.

சாயங்காலம் கடையில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். நாளைக்குக் கொடுக்க வேண்டிய புடவைகள் நான்கு இருந்தன. அவளுக்கு இப்போது ஊசிக்காது தெரிவதில்லை. நூலைக் கோத்துக் கொடுத்தேன். வாங்கி, நுனியில் முடிச்சுப் போட்டாள். அதன்மேல் இன்னொன்று போட்டாள்.

"ஒரு முடிச்சு போதாதா கோமளா?"

"கனம் தாங்கற துணிக்குப் பத்தாதுங்க."

"புடவை ஃபால்ஸ்ல என்ன கனம் இருக்கு?"

அவள் தலையைத் தூக்கவில்லை. "பழகிப்போச்சு," என்றாள்.

மணி அடித்தது. நான் எழுந்தேன். அவள் கையைப் பிடித்து அவளையும் எழுப்பினேன். கடைக்குள்ளேயே நான்கு நடை நடந்தோம்.

வலி: 1. நாளை திங்கள். தைத்து வைத்த பக்கங்களைப் பிரித்துவிட்டேன், மேடம் படிக்கலாம்.